வைரத்துக்குப் பழைய சான்றிதழ் போதுமா?

வைரம் விற்கும் இடத்தில் "சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது" என்கிறார்கள். அதே வைரத்தைத் திருப்பி விற்கப் போனால் "இது பழசு, இப்ப செல்லாது" என்கிறார்கள். ஒரே கடதாசிக்கு இப்படி இரண்டு மதிப்புச் சொல்லப்படும்போது நட்டப்படுவது பெரும்பாலும் நகைத்தொழில் தெரியாத குடும்பம்தான். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இங்கே வைரம் கஸ்தூரியார் வீதிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து மட்டும் வருவதில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருபது, முப்பது வருடங்களுக்கு முன் வாங்கிய மோதிரங்களும் தோடுகளும் கலியாணத்துக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ வருவோரின் கைப்பையில் வந்து, உறவுக்குள்ளேயும் அறிமுகமானவர்கள் வழியாகவும் கைமாறுகின்றன. அவற்றோடு மடிப்புக் கலைந்த ஒரு சான்றிதழும் வரும். அதை நம்பலாமா என்று கேட்பவருக்கு என் பதில்: சான்றிதழின் வயதைப் பார்க்குமுன், அது இந்தக் கல்லுக்கே உரியதா என்று பாருங்கள், அதை விற்பவர் தன் பற்றுச்சீட்டில் எழுதி ஏற்றுக்கொள்கிறாரா என்று பாருங்கள். இந்த இரண்டும் உறுதியானால் 1990ஆம் ஆண்டுச் சான்றிதழும் பயன்படும். இவை இல்லாவிட்டால் போன மாதத்துச் சான்றிதழாலும் பயனில்லை.

சான்றிதழ் என்று நாம் சொல்வது உண்மையில் ஓர் ஆய்வு அறிக்கை. 1931இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜி.ஐ.ஏ. நிறுவனம் 1955 முதல் வைரத்துக்குத் தர அறிக்கை வழங்கிவருகிறது. பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப்பில் 1975இல் பிறந்த ஐ.ஜி.ஐ., அதே நகரத்து எச்.ஆர்.டி. ஆகியனவும் உலகச் சந்தையில் அறியப்பட்டவை. அறிக்கையில் கல்லின் எடை, அளவு, டி முதல் இசட் வரையான நிறத்தரம், தெளிவு, மெருகு, ஒளிர்வு என்பன இருக்கும். கல்லின் விலை இராது. கல்லுக்கு நாம் பொறுப்பு என்ற வாக்குறுதியும் இராது. இது உத்தரவாதமும் அல்ல, விலை மதிப்பீடும் அல்ல என்று ஆய்வுகூடங்களே எழுதிவிடுகின்றன. சோதித்த நாளில் அந்தக் கல் எப்படியிருந்தது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே. நம்மவருக்குக் காணி உறுதி தெரியும். உறுதி எவ்வளவு பழையதானாலும் செல்லும். ஆனால் அதிலுள்ள எல்லையும் நிலத்திலுள்ள வேலியும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல், காணிப் பதிவகத்தில் தேடாமல் யாரும் காசு எண்ணிக் கொடுப்பதில்லை. காணிக்குக் காட்டும் அந்தக் கவனத்தை வைரத்துக்குக் காட்ட நாம் இன்னும் பழகவில்லை.

பழைய அறிக்கையில் சில விடயங்கள் இரா என்பதும் உண்மை. வட்டப் பட்டைக் கல்லின் வெட்டுத்தரத்தை ஜி.ஐ.ஏ. 2006ஆம் ஆண்டு முதல்தான் தரப்படுத்தி எழுதுகிறது. ஒரு கல் ஒளியை எப்படித் திருப்பித் தருகிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது வெட்டுத்தான்; அதற்கு முந்திய அறிக்கை அதைப் பற்றி ஒரு தரத்தில் பேசாது. என்றாலும் வருடத்தைவிடப் பெரிய வேறுபாடு ஆய்வுகூடத்தின் பெயரில் இருக்கிறது. ஈ.ஜி.எல். என்ற பெயரில் இயங்கிய சில ஆய்வுகூடங்கள் தரத்தைக் கூட்டிப் போடுகின்றன என்ற குற்றச்சாட்டு வலுத்து, 2014 ஒக்ரோபரில் உலக வைர வணிகர்களின் இணையச் சந்தையான ராப்நெட் அந்த அறிக்கைகளோடு கல் பட்டியலிடுவதையே நிறுத்தியது. 1990களிலும் 2000களிலும் வெளிநாட்டில் வாங்கிய நகையோடு இந்தப் பெயர் வந்தால், அதிலுள்ள எழுத்துக்கு விலை கொடுக்காதீர்கள். கல்லைப் புதிதாகத் தரம் பார்த்து அதற்குரிய விலையைக் கொடுங்கள். பெயர்பெற்ற இடமும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல: தரத்தைக் கூட்டிக் கொடுத்ததாக எழுந்த குற்றச்சாட்டை விசாரித்த ஜி.ஐ.ஏ., 2005இல் தன் நியூயோர்க் ஆய்வுகூட ஊழியர் சிலரை வேலையிலிருந்து நீக்கியது. வெட்டுத்தரத்துக்குப் பேர்போன அமெரிக்க ஏ.ஜி.எஸ். ஆய்வுகூடம் 2022 முடிவில் மூடப்பட்டது. அதன் பழைய அறிக்கையை எழுதிய இடத்திலேயே புதுப்பிக்க இனி வழியில்லை.

"வைரம் மாறுமா, எத்தனை வருடம் போனாலும் வைரம் வைரம்தானே" என்பது அடிக்கடி வரும் மறுப்பு. வைரத்தைக் கீறுவது கடினம் என்பது சரி. அது உடையாது என்பது சரியல்ல. வைரத்துக்குப் பிளவுத் திசைகள் உண்டு, அத்திசையில் அடி விழுந்தால் சில்லாகத் தெறிக்கும். முப்பது வருடம் கையில் கிடந்த மோதிரக் கல்லின் விளிம்பில் தெறிப்பு இருப்பது சாதாரணம். அதைத் தேய்த்துச் சரிசெய்தால் எடை குறையும், அறிக்கையிலுள்ள அளவு பொருந்தாமல் போகும். பத்தர் நகையைப் பற்றவைக்கும்போது கல்லுக்குப் பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால், காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு வைரத்தின் மேற்பரப்பு கருகி மங்கலாகும். 1980களிலிருந்து, உள்வெடிப்புகளுக்குள் கண்ணாடி போன்ற பொருளை நிரப்பி வெடிப்பை மறைக்கும் வேலையும் நடக்கிறது. அறிக்கை வாங்கிய பிறகு இந்த வேலை செய்யப்பட்டிருந்தால் கடதாசியில் அதற்கு ஒரு தடயமும் இராது. பற்றவைக்கும் சூட்டில் அந்த நிரப்பல் கெட்டு, மறைந்த வெடிப்பு வெளியே வந்துவிடும். ஆகவே கல் இருந்த நாள்களையெல்லாம் அது அணியப்பட்ட, திருத்தப்பட்ட நாள்களாகவே எண்ண வேண்டும்.

இனிப் பழைய சான்றிதழின் உண்மையான பலத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பெரிய ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1954இல் ஆய்வுகூடத்தில் வைரம் உருவாக்கியது. நகைக்கேற்ற தரத்தில் 1970இல் செய்துகாட்டியது. ஆனால் அத்தகைய கற்கள் நகைச் சந்தையில் பெருகியது இந்த நூற்றாண்டில்தான். எனவே 1985இல் பெயருள்ள ஆய்வுகூடம் ஒன்று பார்த்த கல்லே இன்று உங்கள் முன் இருக்கிறதென்றால், அது நிலத்தில் விளைந்த வைரம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. நிலத்தில் விளைந்ததற்கும் ஆய்வுகூடத்தில் வளர்த்ததற்கும் இடையே விலை வித்தியாசம் மிகப் பெரிது. இயற்கை வைரம் விற்கும் டி பியர்ஸ் நிறுவனமே 2018இல் ஆய்வுகூட வைரத்தைக் கரட் 800 டொலருக்கு விற்கத் தொடங்கியது, பின்னர் விலைகள் மேலும் சரிந்து 2025இல் அந்த வணிகத்தை மூடுவதாக அறிவித்தது. ஆய்வுகூட வைரம் போலியல்ல, அதுவும் வைரந்தான். அது என்னவென்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் யாருக்கும் குறையில்லை. சொல்லாமல் விற்பவருக்குத்தான் ஒரு பழைய கடதாசி மிகவும் தேவைப்படுகிறது. 2017இல் ஜி.ஐ.ஏ.யின் கார்ல்ஸ்பாட் ஆய்வுகூடத்துக்கு, ஏற்கெனவே அறிக்கை பெற்ற ஒரு கல்லைப் புதுப்பித்துத் தரும்படி ஒருவர் கொடுத்தார். விளிம்பில் இலேசரால் பொறித்திருந்த எண் ஓர் இயற்கை வைரத்தின் அறிக்கைக்குரியது. கல்லோ உயர் அழுத்தத்தில், உயர் வெப்பத்தில் ஆய்வுகூடத்தில் வளர்ந்தது. எடை ஏறத்தாழ ஒத்திருந்தது, நிறமும் தெளிவும் ஒத்திருக்கவில்லை. மீண்டும் சோதிக்கக் கொடுத்ததால் மட்டுமே அந்த மாற்று அகப்பட்டது. இந்தச் சம்பவம் பழைய சான்றிதழை ஒதுக்கச் சொல்லவில்லை. எண் பொருந்துகிறது என்று மட்டும் நம்பக் கூடாது என்பதையே காட்டுகிறது.

எண்ணைத் தாண்டிப் பொருத்தம் பார்க்கப் பழைய முழு அறிக்கை ஒரு வகையில் புதியதைவிட உதவும். அதில் கல்லின் மேல், கீழ் முகங்களை வரைந்து, உள்ளிருக்கும் குறைகளைச் சிவப்பிலும் மேற்பரப்புக் குறைகளைப் பச்சையிலும் குறித்திருப்பார்கள். எண்ணை யாரும் பொறிக்கலாம். இன்னொரு கல்லுக்குள் அதே இடத்தில் அதே குறையை வைக்க எவராலும் முடியாது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியோடு அந்தப் படத்தையும் கல்லையும் பக்கத்தில் வைத்து, தொழில் தெரிந்த, விற்பனையில் பங்கில்லாத ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விட்டத்தை மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு வரை அளந்து ஒப்பிடுங்கள். ஒரு கரட் என்பது 0.2 கிராம் மட்டுமே; எடையைச் சரிபார்க்க வேண்டுமானால் கல்லை நகையிலிருந்து கழற்றியே ஆக வேண்டும். "கழற்றினால் உடையும்" என்று விற்பவர் தடுத்தால், சான்றிதழுக்கென்று சேர்த்த பகுதியை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். கடைகளில் பேனா போன்ற கருவியைக் கல்லில் வைத்து ஒலியெழுப்பிக் காட்டுவார்கள். அது கல் வெப்பத்தைக் கடத்துவதை மட்டும் பார்க்கிறது. கியூபிக் சேர்க்கோனியாவை அது பிடித்துவிடும். மொய்சனைட்டை வைரமென்று காட்டக்கூடும். ஆய்வுகூட வைரத்தை இயற்கை வைரத்திலிருந்து பிரித்துக் காட்ட அதனால் இயலாது. வைரத்துக்கு மாற்றை நம்புவது இந்த நாட்டில் புதிதுமல்ல. மாத்தறைப் பகுதியின் நிறமற்ற சேர்க்கன் கல்லே முன்னொரு காலத்தில் "மாத்தறை வைரம்" என்ற பெயரில் விலைபோனது.

செலவு என்ற மறுப்பு நியாயமானது. மும்பைக்கோ வேறு நாட்டுக்கோ கல்லை அனுப்பிப் புது அறிக்கை எடுப்பதில் கட்டணம், காப்புறுதி, சுங்கப் படிவம், காத்திருப்பு எல்லாம் உண்டு. மூக்குத்திக் கல்லுக்கோ அட்டியலில் பதித்த பொடிக் கற்களுக்கோ அது தேவையில்லை. அங்கே சான்றிதழ் பேச்சையே விட்டுவிட்டு, திரும்ப எடுக்கும் விலை என்ன, என்ன கழிவு என்று எழுத்தில் கேட்பதே புத்தி. அரைக் கரட்டுக்கு மேற்பட்ட தனிக்கல்லாகி, இயற்கை வைரம் என்ற ஒரே காரணத்துக்காகப் பெருந்தொகை கேட்கப்பட்டால் கணக்கு மாறுகிறது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைக்குக் கொழும்பில் கற்களை இனங்காணும் ஆய்வுகூடம் உண்டு. ஆய்வுகூட வைரத்தைப் பிரித்தறிந்து எழுத்தில் தருவார்களா என்று முதலில் கேட்டறிந்துவிட்டு அங்கே போகலாம். கல் எதுவென்று தெரிந்துகொள்வதும் அதன் தரத்தை அறிவதும் வேறு வேறு. பெரும் நட்டம் வருவது முதலாவதில்தான்.

ஆய்வுகூடத்துக்கும் உங்களுக்கும் இடையே ஒப்பந்தம் எதுவுமில்லை. காசு வாங்கியவர் கடைக்காரர், எனவே சட்டம் உங்களுக்குத் தரும் பிடி அவர்மீதுதான். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, விவரணம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும். தனியார் ஒருவர் தன் பழைய மோதிரத்தை விற்றாலும் இது பொருந்தும். விவரணம் எழுத்தில் இல்லாவிட்டால் நிரூபிப்பது எப்படி? "வைர மோதிரம் 1" என்று எழுதிய பற்றுச்சீட்டு உங்களுக்கு எதையும் தராது. "இயற்கை வைரம், மேம்படுத்தலோ நிரப்பலோ செய்யப்படாதது, இத்தனை கரட், இன்ன ஆய்வுகூடத்தின் இன்ன எண்ணுள்ள, இன்ன திகதியிட்ட அறிக்கைக்குரிய கல், பொருந்தாவிடில் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். வணிகர் நுகர்வோரை ஏமாற்றும் வகையில் நடப்பதையும் பொய் விவரணம் தருவதையும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் குற்றமாக்குகிறது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் வணிகரின் கடமை. அச்சட்டப்படி விற்பனை பற்றிய முறைப்பாட்டை விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் கலியாண நகை விழா முடிந்ததும் வங்கிப் பெட்டகத்துக்குப் போய்விடுகிறது. வங்கியில் ஈடு வைத்தாலும் தங்கத்தின் எடைக்குத்தான் காசு கொடுப்பார்கள், கல்லை யாரும் கேட்பதில்லை. பிள்ளையின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ விற்க எடுக்கும் நாளில்தான் குறை தெரியவரும். அதற்குள் மூன்று மாதம் எப்போதோ கடந்திருக்கும். ஆகவே கல்லைச் சோதிக்க வேண்டுமானால் வாங்கிய முதல் வாரங்களிலேயே சோதியுங்கள். சந்தேகம் வந்தால் 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை அழையுங்கள். பற்றுச்சீட்டு, அறிக்கை, சோதனை முடிவு ஆகியவற்றின் பிரதிகளோடு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தெரிந்தே கல்லை மாற்றி விற்றதாகத் தெரிந்தால் அது மோசடிக் குற்றம், பொலிஸில் முறையிடலாம். மூன்று மாதம் கடந்துவிட்டாலும் நீதிமன்ற வழி உண்டு. பற்றுச்சீட்டோடு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

"தலைமுறையாகத் தெரிந்த கடை, எழுதிக் கேட்டால் மனம் நோகும்" என்று தயங்குவோர் பலர். அந்தத் தயக்கத்தில் நம் சமூகத்தின் நல்ல குணம் ஒன்று இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடைக்காரரும் பல வேளை கல்லை இன்னொருவரை நம்பித்தான் வாங்கியிருப்பார். எழுத்தில் பொறுப்பேற்க வேண்டும் என்று வந்தால், கொழும்பிலோ சென்னையிலோ தனக்குக் கல் கொடுப்பவரிடம் அவரும் அதையே கேட்பார். எழுத்தே இல்லாத நகைகளும் இங்கு உண்டு: 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் உடுத்த உடையோடு வெளியேறிய குடும்பங்கள் எத்தனையோ. நகையைக் காப்பாற்றியவர்கள்கூடப் பற்றுச்சீட்டுகளை விட்டுவிட்டுத்தான் போனார்கள். அப்படித் தப்பி வந்த தோட்டுக்கோ மோதிரத்துக்கோ கடதாசி இல்லை என்பதற்காக அதைக் கண்ணாடிக்கல் விலைக்குக் கேட்பது அநியாயம். அப்படிக் கேட்கப்பட்டால் விற்காமல், கல்லைச் சோதித்துவிட்டுப் பேசுங்கள்.

பழைய சான்றிதழ் வைத்திருப்போருக்கும் இதே நியாயம்தான். "செல்லாது" என்று ஒருவர் விலையை இறக்கினால், எந்த வரி கல்லோடு பொருந்தவில்லை என்று காட்டும்படி கேளுங்கள். எடை, அளவு, குறைகளின் படம் மூன்றும் ஒத்திருந்தால், 1988இல் எழுதப்பட்டது என்பதற்காக மட்டும் விலை குறைக்க எவருக்கும் காரணம் இல்லை. புதுப்பிக்கும் செலவைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கழிக்கக் கேட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு, இன்னும் இரண்டு கடைகளில் விசாரியுங்கள். மூலச் சான்றிதழை ஒருபோதும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், பிரதி மட்டும் கொடுங்கள். கல்லை விற்று முடிக்கும் நாளில் அந்த மூலத்தையும் வாங்குபவரிடம் கொடுத்து, கொடுத்ததாக ஒரு கையொப்பம் பெறுங்கள். கல் போன பிறகு தனியே கிடக்கும் சான்றிதழ் வேறொரு கல்லோடு சேர்ந்து இன்னொரு வீட்டை ஏமாற்றக்கூடும்.