ஓடும் வீட்டில் ஆணி அடிக்கலாமா?

சுவரில் ஆணி அடிப்பது ஒரு பெரிய வித்தையா என்று நீங்கள் கேட்கலாம். நம் வீடுகளில் அது வித்தையே அல்ல. சுத்தியலை எடுத்து நாலு போடு போட்டால் கொஞ்சம் காரை உதிரும், வீட்டுக்காரர் முணுமுணுப்பார், பிறகு அந்த ஆணியில் காலண்டரோ, தாத்தாவின் படமோ இருபது வருஷம் நிம்மதியாகத் தொங்கும். செங்கல் சுவருக்கு அவ்வளவு பொறுமை.

ஆனால் சுவரின் கனம் மூன்றே மில்லிமீட்டர், அந்தச் சுவர் மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடவும் செய்கிறது என்றால்?

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வீடுகளுக்குக் குறைவே இல்லை. 'டிராவல் டிரெய்லர்' என்பார்கள். மோட்டார் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. அடுப்பு, கட்டில், குளியலறை, சாப்பாட்டு மேஜை எல்லாம் ஒரு ரயில் பெட்டியின் பாதி இடத்துக்குள் அடங்கிவிடும். இந்தியானா மாகாணத்து எல்கார்ட் நகரம் இந்தத் தொழிலின் தலைநகரம் என்றே பெயர் வாங்கியது.

அப்படி ஒரு டிரெய்லரில், ஓய்வு பெற்ற தம்பதி ஒருவருடன் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. காப்பி வந்தது. (நம் காப்பி அல்ல. அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுத வேண்டும்.) பேரனின் படுக்கைக்கு மேலே, சுவரில் ஒட்டுப் போட்டது போல ஒரு நீளப் பலகை இருந்தது. அந்தப் பலகையில் ஒரு சின்னப் புத்தகத் தட்டு மாட்டியிருந்தது. "இதென்ன, சுவருக்கு மேல் ஒரு சுவர்?" என்று கேட்டுவிட்டேன். பெரியவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். டிரெய்லர் வாங்கிய முதல் வருஷம் பெரியவர் நாலு திருகாணிகளை முடுக்கி அங்கே ஒரு தட்டு மாட்டினார். கையால் அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. பேரனின் புத்தகங்களையும் ஒரு கடிகாரத்தையும் வைத்து, அவை உருண்டு விழாமல் குறுக்கே கயிறும் கட்டினார். மிச்சிகன் ஏரிக்கரைக்குப் புறப்பட்டார்கள். போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தால், தட்டு கயிறோடும் கடிகாரத்தோடும் படுக்கையில் கிடக்கிறது. அதன் இரும்பு முனை தலையணையைக் கிழித்திருக்கிறது.

ஓடும் டிரெய்லருக்குள் ஆட்கள் இருக்கக் கூடாது என்று பல மாகாணங்களில் சட்டம் உண்டு. அதனால் பையன் முன் வண்டியில் பாட்டியின் பக்கத்தில் இருந்தான். "அந்தத் தட்டு இன்னும் ஆறு மணி நேரம் பிடிவாதமாக நின்று, ராத்திரி விழுந்திருந்தால்?" என்றார் அந்த அம்மாள். அன்று மாலை முழுவதும் அவர் கணவருடன் பேசவில்லையாம்.

அந்தச் சுவரின் ரகசியம் என்ன? அமெரிக்காவில் நிலையான வீடுகளிலேயே பெரும்பாலும் செங்கல் சுவர் கிடையாது. மரச் சட்டங்களை வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, அரை அங்குல ஜிப்சம் பலகையை அடித்துவிடுவார்கள். டிரெய்லரில் கனத்தைக் குறைக்க வேண்டும் அல்லவா? ஆகவே ஜிப்சத்துக்குப் பதில் 'லவான்' என்னும் மெல்லிய பிளைவுட். அதன் மேல் பூப்போட்ட காகிதம் அல்லது வினைல். பின்னால் இருக்கும் சட்டமும் ஒல்லி. 'இரண்டுக்கு இரண்டு' என்று பெயர். அளந்து பார்த்தால் ஒன்றரை அங்குலம்தான். இன்னொரு ஜாதி டிரெய்லரில் மரச் சட்டத்துக்குப் பதில் அலுமினியக் குழாய். இடையில் வெண்ணிற நுரைப் பலகை. உள்ளும் புறமும் தகடுகளை ஒட்டி ஒரே அப்பளமாக அழுத்தியிருப்பார்கள்.

மூன்று மில்லிமீட்டர் பலகையில் திருகாணியின் மரை இரண்டொரு சுற்றுத்தான் பிடிக்கும். நின்ற இடத்தில் அது போதும் போலத் தோன்றும். ஆனால் சாலையில் ஒவ்வொரு குழியிலும் தட்டு ஒரு முறை எகிறி ஒரு முறை இடிக்கிறது. துளை அகலமாகிறது. நூறு மைலுக்குப் பிறகு ஆணி சுவரில் இருப்பது மரியாதைக்காகத்தான்.

எனவே முதல் வேலை சட்டத்தைத் தேடுவது. பெரியவர் தமது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன காந்தத்தை எடுத்துக் காட்டினார். அதைச் சுவரில் மெல்ல நகர்த்தினால், பலகையைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் இரும்பு ஊசிகள் இருக்குமிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. அங்கே டிரெய்லர் செய்த கம்பெனியிடம் சுவரின் வரைபடம் கேட்பதே உத்தமம்.

அடுத்தது மின்சாரம். சுவருக்குள் இரண்டு வகைக் கம்பிகள் ஓடும்: வெளியிலிருந்து வரும் 120 வோல்ட், பாட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட். இரண்டாவது ஷாக் அடிக்காது என்று அலட்சியம் செய்பவர்கள் உண்டு. துளையிடும் ஊசி அந்தக் கம்பிகளைக் கடித்தால் தீப்பொறி பறக்கும், சுற்றிலும் பிளைவுட். ஆகையால் வெளி மின்சாரத்தையும் பாட்டரியையும் கழற்றிய பிறகே துளை. அடுப்பு, கணப்பு, குளிர்ப்பெட்டி ஆகியவற்றின் பக்கம் போகவே வேண்டாம். அங்கே காஸ் குழாய் இருக்கும்.

துளையிடும் ஊசியில் வேண்டிய ஆழத்தில் ஒரு டேப்பைச் சுற்றிக்கொண்டால், அதற்கு மேல் உள்ளே போகாமல் கை நின்றுவிடும். ஒரு அங்குலத் திருகாணி போதும். பலமாக இருக்கட்டும் என்று இரண்டு அங்குலத்தை முடுக்கினால் அது வெளித் தகட்டைத் துளைத்துத் தெருவை எட்டிப் பார்க்கும். அந்த ஓட்டை வழியே மழைநீர் இறங்கி, யாருக்கும் தெரியாமல் சட்டத்தை அழுகச் செய்யும். டிரெய்லருக்குத் தண்ணீரைவிடப் பெரிய சத்துரு இல்லை.

சரி, நமக்கு வேண்டிய இடத்தில் சட்டம் இல்லாவிட்டால்? நான் பார்த்த பலகைக்கு அதுதான் அர்த்தம். அரை அங்குலப் பிளைவுட்டை இரண்டு சட்டங்களை எட்டும் நீளத்துக்கு அறுத்து, இரு முனையிலும் சட்டத்தில் முடுக்கிவிட்டு, அதன் மேல் தட்டை மாட்டியிருக்கிறார். பசை மட்டும் போதாதா என்றேன். "பசை காகிதத்தைத்தான் பிடிக்கும், காகிதம் சுவரை விட்டு வந்துவிடும்" என்றார். சாவிக் கொத்துக்கும் காலண்டருக்கும் ஒட்டுப் பட்டை சரிதான். சுவருக்குள் போய்ச் சிறகு விரிக்கும் போல்ட்டுகளும் கடையில் கிடைக்கின்றன. ஆனால் நுரைப் பலகை அடைத்த சுவரில் சிறகை எங்கே விரிப்பது?

'ஏர்ஸ்ட்ரீம்' என்னும் பளபளப்பான டிரெய்லரைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1969-இல் சந்திரனிலிருந்து திரும்பிய மூன்று வீரர்களையும், கிருமி பரவாமலிருக்க, அந்த டிரெய்லரை மாற்றியமைத்த ஒரு கூண்டில்தான் அடைத்து வைத்தார்கள். அதன் உட்சுவர் பெரும்பாலும் அலுமினியத் தகடு. அங்கே திருகாணியைவிட ரிவெட்டுக்கே மதிப்பு.

ஒவ்வொரு பிரயாணத்துக்கும் முன்னால் பெரியவர் திருகாணிகளை ஒரு முறை முடுக்கிப் பார்க்கிறார். புத்தகங்களைத் தரையில் ஒரு பெட்டிக்கு மாற்றிய பிறகே வண்டி நகரும். அது அந்த அம்மாளின் கட்டளை. நான் விடைபெறும்போது புத்தகங்கள் மறுபடி தட்டில் ஏறியிருந்தன. கடிகாரம் மட்டும் சாப்பாட்டு மேஜை மேலேயே இருந்தது. அதை அங்கே ஏற்ற அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.