96-வது நிமிடத்தில் நழுவிய இறுதிப்போட்டி: அயாக்ஸ் அணியின் 2018-19 பருவம் உணர்த்துவது என்ன?

2019-ம் ஆண்டு மே 8. ஆம்ஸ்டர்டாமில் உள்ள யோஹான் கிரைஃப் அரங்கில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் நிறைவை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவில் அப்போது மே 9 அதிகாலை. லண்டனில் நடைபெற்ற முதல் ஆட்டத்தில் டாட்டன்ஹாம் அணியை 1-0 என்ற கணக்கில் வென்றிருந்த அயாக்ஸ், சொந்த மண்ணில் இடைவேளையின்போது 2-0 என முன்னிலை வகித்தது. இறுதிப்போட்டிக்கும் அந்த அணிக்கும் இடையே 45 நிமிடங்களே எஞ்சியிருந்தன.

டாட்டன்ஹாமின் பிரேசில் வீரர் லூகாஸ் மோரா 55-வது, 59-வது நிமிடங்களில் அடுத்தடுத்து கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். இழந்த நேரத்தை ஈடுசெய்ய நடுவர் வழங்கிய ஐந்து நிமிடங்களும் முடிந்த தறுவாயில், 96-வது நிமிடத்தில், அவரே மூன்றாவது கோலையும் அடித்தார். அயாக்ஸ் வீரர்கள் புல்தரையில் சாய்ந்தனர். 1996-க்குப் பிறகு முதல் முறையாக இறுதிப்போட்டியில் ஆடும் வாய்ப்பு கடைசி நொடிகளில் கைநழுவியது.

ஆயினும் அப்பருவத்தை ஒரு தோல்வியின் கதையாக மட்டும் பார்க்க இயலாது. பணபலம் மிக்க பெரிய லீக்குகளுக்கு வெளியே இருக்கும் ஒரு கிளப் எவ்வளவு உயரம் எட்ட முடியும், அங்கே ஏன் நிலைக்க முடிவதில்லை என்ற இரு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறது.

தகுதிச்சுற்றில் தொடங்கிய பயணம்

2017-18 நெதர்லாந்து லீக்கில் பிஎஸ்வி ஐந்தோவன் அணி பட்டம் வென்றது. அயாக்ஸ் இரண்டாம் இடம் பெற்றது. சாம்பியன்ஸ் லீக்கில் எந்த நாட்டுக்கு எத்தனை நேரடி இடங்கள் என்பதை, அந்நாட்டுக் கிளப்புகள் முந்தைய ஐந்து பருவங்களில் ஐரோப்பியப் போட்டிகளில் ஈட்டிய புள்ளிகளே தீர்மானிக்கின்றன. அந்தத் தரவரிசையில் நெதர்லாந்து சரிந்திருந்ததால், அயாக்ஸ் இரண்டாவது தகுதிச்சுற்றிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

ஆஸ்திரியாவின் ஸ்டர்ம் கிராஸ், பெல்ஜியத்தின் ஸ்டாண்டர்ட் லியேஜ், உக்ரைனின் டைனமோ கீவ் ஆகிய அணிகளை வென்ற பின்னரே அயாக்ஸுக்குக் குழுச்சுற்றில் இடம் கிடைத்தது. அங்கு பேயர்ன் மியூனிக், பென்ஃபிகா, ஏஇகே ஏதென்ஸ் ஆகிய அணிகளுடன் மோதி, ஆறு ஆட்டங்களிலும் தோல்வியின்றி 12 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பிடித்தது.

அணி உருவான விதம்

2017 டிசம்பர் இறுதியில் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டவர் எரிக் டென் ஹாக். கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த இளைஞர்களே அணியின் அடித்தளம். தடுப்பாட்டக்காரர் மத்தேயிஸ் டி லிக்ட் 19 வயதிலேயே கேப்டனாக இருந்தார். டோனி வான் டி பீக், நூசைர் மஸ்ராவி ஆகியோரும் அப்பள்ளியின் மாணவர்களே. வில்லெம்-2 கிளப்பிலிருந்து 2015-ல் வந்த ஃபிரெங்கி டி யோங் நடுக்களத்தின் அச்சாணியாகத் திகழ்ந்தார்.

இளமைக்குத் துணையாக அனுபவமும் சேர்க்கப்பட்டது. 2018 கோடையில் சவுத்தாம்ப்டனிலிருந்து டுசான் டாடிச்சும், மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து டேலி பிளைண்டும் வந்தனர். டி யோங் பின்வரிசைக்கு இறங்கிவந்து பந்தை வாங்கி முன்னெடுத்துச் செல்வார். டாடிச் முன்கள வீரராகப் பெயரளவில் நின்றபடி நடுக்களத்துக்குப் பின்வாங்குவார். அவரைப் பின்தொடரும் எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் விட்டுச்செல்லும் இடைவெளியில் ஹக்கிம் ஸியெச், டேவிட் நெரெஸ், வான் டி பீக் ஆகியோர் புகுந்தனர். பந்தை இழந்தால், எதிரணியின் பகுதியிலேயே அதை உடனடியாக மீட்க முழு அணியும் முன்னேறி நெருக்கடி கொடுத்தது.

மேட்ரிட், டுரின் நகரங்களில்

முதல் நாக்அவுட் சுற்றில் அயாக்ஸ் எதிர்கொண்டது, அதற்கு முந்தைய மூன்று பருவங்களிலும் தொடர்ந்து கோப்பையை வென்றிருந்த ரியல் மேட்ரிட் அணியை. ஆம்ஸ்டர்டாமில் பிப்ரவரி 13 அன்று நடந்த ஆட்டத்தில் அயாக்ஸ் 1-2 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தில் நிக்கோலஸ் டாக்லியாஃபிகோ அடித்த கோல், அச்சுற்றில் அறிமுகமான காணொலி நடுவர் முறையின் ஆய்வுக்குப் பின் ரத்து செய்யப்பட்டது.

மார்ச் 5 அன்று மேட்ரிட்டில் நிலைமை தலைகீழானது. ஸியெச், நெரெஸ், டாடிச், லாசே ஷோனெ ஆகியோரின் கோல்களால் அயாக்ஸ் 4-1 என வென்றது. நடப்புச் சாம்பியன் வெளியேறியது.

காலிறுதியில் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் யுவென்டஸ் அணியுடன் ஆம்ஸ்டர்டாமில் 1-1 எனச் சமன் செய்த அயாக்ஸ், ஏப்ரல் 16 அன்று டுரினில் 2-1 என வென்றது. ரொனால்டோ முதல் கோலை அடித்த பின்னர், வான் டி பீக் சமன் செய்தார். 67-வது நிமிடத்தில் டி லிக்ட் தலையால் முட்டி வெற்றி கோலை அடித்தார். 1997-க்குப் பிறகு அயாக்ஸ் இத்தொடரின் அரையிறுதிக்கு முன்னேறியது அதுவே முதல் முறை.

இறுதிப்போட்டியைப் பறித்த விதி

அரையிறுதியின் இரு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் கோல் கணக்கு 3-3 எனச் சமமாகவே இருந்தது. ஆனால், மொத்தக் கோல்கள் சமமானால் எதிரணியின் மண்ணில் அதிகக் கோல் அடித்த அணியே வென்றதாகும் என்ற விதி அப்போது நடைமுறையில் இருந்தது. டாட்டன்ஹாம் தனது மூன்று கோல்களையும் ஆம்ஸ்டர்டாமில் அடித்திருந்தது. அயாக்ஸ் லண்டனில் அடித்தது ஒன்று மட்டுமே. இந்த விதியை ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2021-22 பருவத்திலிருந்து நீக்கிவிட்டது. இன்றைய விதிப்படி அந்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றிருக்கும்.

உள்நாட்டில் இரட்டைப் பட்டம்

நெதர்லாந்து லீக்கில் அயாக்ஸின் பாதை சீராக இருக்கவில்லை. செப்டம்பரில் பிஎஸ்வியிடம் 0-3 எனவும், ஜனவரி 27 அன்று ரோட்டர்டாமில் பரம வைரியான ஃபெயனூர்டிடம் 2-6 எனவும் தோற்றது. மார்ச் 31 அன்று பிஎஸ்வியை 3-1 என வென்று போட்டிக்குள் மீண்டும் வந்தது.

டாட்டன்ஹாமுடனான முதல் அரையிறுதிக்கு முன் அயாக்ஸுக்கு ஓய்வு கிடைக்கும் வகையில், ஏப்ரல் இறுதி வாரத்தில் நடைபெறவிருந்த லீக் சுற்று முழுவதும் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு கிளப்பின் ஐரோப்பிய வெற்றி நாட்டின் தரவரிசைப் புள்ளிகளையும் உயர்த்தும் என்பதால், அதில் பிற கிளப்புகளுக்கும் ஆதாயம் உண்டு.

இரு அரையிறுதி ஆட்டங்களுக்கும் இடையே, மே 5 அன்று, நெதர்லாந்துக் கோப்பை இறுதிப்போட்டியில் வில்லெம்-2 அணியை அயாக்ஸ் 4-0 என வென்றது. டாட்டன்ஹாமிடம் தோற்ற நான்காம் நாள், மே 12 அன்று, உட்ரெக்ட் அணியை 4-1 என வீழ்த்தியது. அதே நாளில் பிஎஸ்வி, ஏஇசட் அணியிடம் 0-1 எனத் தோற்றதால் அயாக்ஸ் மூன்று புள்ளிகள் முன்னிலை பெற்றது. மே 15 அன்று கடைசிச் சுற்றில் டி கிராஃப்ஸ்காப் அணியை 4-1 என வென்று பட்டத்தை உறுதி செய்தது.

அயாக்ஸ் 86 புள்ளிகளும் பிஎஸ்வி 83 புள்ளிகளும் பெற்றன. 34 லீக் ஆட்டங்களில் அயாக்ஸ் அடித்த கோல்கள் 119. அனைத்துப் போட்டிகளையும் சேர்த்தால் 58 ஆட்டங்களில் 175 கோல்கள். லீக், கோப்பை இரண்டையும் ஒரே பருவத்தில் அந்த அணி வென்றது 2002-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

34 என்ற எண்

அது அயாக்ஸின் 34-வது லீக் பட்டம். அந்த எண்ணுக்கு அவ்வணியில் தனிப் பொருள் உண்டு. 34-ம் எண் சட்டை அணிந்த இளம் நடுக்கள வீரர் அப்தெல்ஹக் நூரி, 2017 ஜூலையில் ஆஸ்திரியாவில் நடந்த நட்பு ஆட்டத்தின்போது இதயத்துடிப்புக் கோளாறால் மயங்கி விழுந்தார். அவரது மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. களத்தில் அவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை போதுமானதாக இல்லை என்பதை 2018-ல் கிளப் ஒப்புக்கொண்டது. அவருடன் வளர்ந்த டி யோங், வான் டி பீக் உள்ளிட்டோருக்கு அந்தப் பட்டம் கோப்பையைவிட மேலானதாக இருந்தது.

கலைந்த அணி

டி யோங் பார்சிலோனாவுக்குச் செல்வது 2019 ஜனவரியிலேயே முடிவாகிவிட்டது. அடிப்படைத் தொகை 75 மில்லியன் யூரோ. ஜூலையில் டி லிக்ட் ஏறத்தாழ அதே தொகைக்கு யுவென்டஸில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஸியெச் செல்சிக்கும், வான் டி பீக் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் சென்றனர்.

இந்தக் கதை புதிதல்ல. 1995-ல் ஏசி மிலானை வென்று ஐரோப்பியச் சாம்பியனான அயாக்ஸ் அணியும் சில ஆண்டுகளில் கலைந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரரை விடுவிக்கக் கிளப் பணம் கோர முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் அளித்த போஸ்மன் தீர்ப்பு அதற்கு வழிவகுத்தது. எட்கர் டாவிட்ஸ், பாட்ரிக் க்ளூய்வெர்ட் ஆகியோர் தொகை ஏதுமின்றியே மிலானுக்குச் சென்றனர். 2019-ல் கிளப்புக்குப் பெரும் பணம் கிடைத்தது என்பதே வேறுபாடு. தொலைக்காட்சி உரிமை வருவாயில் இங்கிலாந்து, ஸ்பெயின் லீக்குகள் நெதர்லாந்தைவிடப் பல மடங்கு முன்னிற்கும் வரை, வீரர்களை வளர்த்து விற்பதே அயாக்ஸ் போன்ற கிளப்புகளின் வாழ்வாதாரமாக இருக்கும்.

அந்த அரையிறுதிக்குச் சில மாதங்களே கழிந்த நிலையில், நெதர்லாந்தின் சாம்பியனான அயாக்ஸ் அடுத்த சாம்பியன்ஸ் லீக்கையும் தகுதிச்சுற்றிலிருந்தே தொடங்கியது. முதலில் கிரீஸின் பிஏஓகே, பின்னர் சைப்ரஸின் அபோயல். மேட்ரிட்டிலும் டுரினிலும் வென்ற அணி, குழுச்சுற்றில் ஓர் இடத்துக்காக மீண்டும் வாசலில் நின்றது.