புதுக் குடியரசின் பிள்ளைகள்

1776 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளியான அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டோர் யாவரும் அரசன் ஒருவனின் குடிகளாகப் பிறந்து வளர்ந்தவர்கள். மாந்தர் எல்லோரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று அவர்கள் உலகறியச் சாற்றினர். அப்பிரகடனத்தை வரைந்த தோமஸ் ஜெபர்சனோ தம் வாழ்நாளில் 600 இற்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். எழுதிய தலைமுறைக்கு அவ்வாசகம் இங்கிலாந்து மன்னனுக்கு எதிரான வழக்குரை. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுட் சிலரோ அதனைச் சொல்லுக்குச் சொல் உண்மையெனவே கொண்டுவிட்டனர். அந்நாட்டின் பின்னைய வரலாற்றிற் பெரும்பகுதி இவ்வேறுபாட்டிலிருந்தே பிறந்தது என்பது எமது துணிபு.

பிள்ளைகளின் கல்வியைக் கருத்திற் கொண்டவருள் ஒருவர் நோவா வெப்ஸ்டர் என்னும் இளம் ஆசிரியர். அரசியலில் விடுதலை பெற்றோர் பாடநூலுக்கு இலண்டனை எதிர்பார்த்திருத்தல் தகாது என்றெண்ணி, 1783 இல் சிறுவர்க்கான எழுத்துக்கூட்டல் நூலொன்றை வெளியிட்டார். நீல அட்டையால் அறியப்பட்ட அந்நூல் அடுத்த நூற்றாண்டிற் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று.

அத்தலைமுறையினர் நமக்கு முற்றும் அந்நியரல்லர். வாஷிங்டன் பதவியேற்ற 1789 ஆம் ஆண்டிற் பிறந்தவர்களே வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபரான டானியல் பூவரும், 1862 இல் தமிழ்-ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட வின்சிலோவும். அது தனியே எழுதவேண்டிய கதை.

அமெரிக்காவிலேயே நின்ற பிள்ளைகளுள் மூத்தவர் ஜோன் குயின்சி அடம்ஸ். 1775 இல் பங்கர் குன்றுப் போர் நிகழ்ந்தபோது, ஏழு வயதுச் சிறுவனாகிய அவர், தாயுடன் மேடொன்றில் நின்று தொலைவிற் சார்ள்ஸ்டவுன் எரிவதைக் கண்டார். அவருடைய தந்தை, பிரகடனத்தை ஆக்க நியமிக்கப்பட்ட ஐவருள் ஒருவர். 1825 இல் மகன் ஜனாதிபதியானார். அப்பதவியில் அவர் சாதித்தது சிறிதே. அவருடைய பெருமையெல்லாம் பதவி இழந்தபின் வந்தது. பிரதிநிதிகள் சபைக்குச் சாதாரண உறுப்பினராகத் திரும்பிவந்து, அடிமை முறைக்கெதிரான விண்ணப்பங்களைச் சபை விவாதியாதவாறு 1836 இல் விதிக்கப்பட்ட தடையை எட்டாண்டுகள் எதிர்த்து, 1844 இல் நீக்குவித்தார். இடையில், 1841 இல், ஆபிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டு 'அமிஸ்டாட்' என்னும் கப்பலிற் கிளர்ந்தெழுந்தோருக்காக உயர்நீதிமன்றத்தில் வாதாடினார். அப்பொழுது அவருக்கு வயது 73. பிரகடனத்தின் பிரதியொன்று அம்மன்றத்தின் தூணிலே தொங்கியது. அதனைச் சுட்டிக்காட்டி, இவ்வழக்கை முடிக்க அதுவே போதும் என்றார். தந்தையர் எழுதியதை மகன் நீதிபதிகளுக்குப் படித்துக்காட்டியதாகவே இதனைக் கொள்ளலாம். ஆபிரிக்கர் விடுதலை பெற்றனர். 1848 இல் அடம்ஸ் சபையிலேயே மயங்கி வீழ்ந்து, இரு நாளில் மறைந்தபோது, ஆபிரகாம் லிங்கன் அச்சபையிற் புதிய உறுப்பினர்.

ஜெபர்சனின் வாசகம் எவர் பிள்ளைகளை எண்ணி எழுதப்படவில்லையோ அவர்களும் அதைப் படித்தனர். 1818 ஆம் ஆண்டளவில் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர் பிரெடரிக் டக்ளஸ். பால்டிமோர் நகரில் எஜமானி அச்சிறுவனுக்கு அரிச்சுவடி தொடங்கிவைத்தாள். படிப்பு அடிமையைக் கெடுத்துவிடும் என்று அவள் கணவன் தடுத்தான். அத்தடையே படிப்பின் பெறுமதியைச் சிறுவனுக்கு உணர்த்திற்று. தெருவில் வறிய வெள்ளைச் சிறுவருக்குப் பாண் கொடுத்துப் பாடங் கேட்டான். எழுதப் பழகுவதற்கு அவனுக்கு உதவியது வெப்ஸ்டரின் எழுத்துக்கூட்டல் நூல். குடியரசின் பிள்ளைகளுக்கென ஆக்கப்பட்ட நூல், குடியரசு தன் பிள்ளையென ஏற்காத ஒருவன் கையிற் சேர்ந்தது இவ்வாறே. 1838 இல் டக்ளஸ் தப்பிச் சென்றார். 1852 ஜூலை 5 ஆம் நாள், ரொச்செஸ்டர் நகரிற் சுதந்திர தினப் பேருரை ஆற்ற அழைக்கப்பட்டபோது, அத்தினம் அடிமைக்கு எத்தகையது என்று சபையோரை நோக்கி வினவினார்.