புது ரம்ப மெஷின் மேசைக்கு மெழுகு

நம்ம குழுவுக்குக் கடனில் வாங்கிய ஸ்க்ரோல் சா மெஷினில் பொம்மை வெட்டும் முன், அதன் இரும்பு மேசையைக் கவனிப்போம். துருப் பிடிக்காம இருக்க கம்பெனியில் எண்ணெய் தடவித்தான் அனுப்புவாங்க. அதைத் துடைக்காம பலகையை வைத்தால் கறை ஏறும், பெயிண்டும் ஒட்டாது.

முதலில் பிளக்கைப் பிடுங்கணும். பெயிண்ட் கடை டர்பன்டைனைத் துணியில் நனைத்துத் துடைக்கணும். அடுப்பு பக்கம் வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் மரச்சாமானுக்குப் போடும் கெட்டி மெழுகை மெல்லிசாத் தேய்த்து, பத்து நிமிஷம் விட்டு, பருத்தித் துணியால் அழுத்தித் துடைப்போம். கனமா விட்டால் மரத்தூள் ஒட்டும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். சிலிக்கான் கலந்த கார் பாலிஷ் கூடாது. மரத்தில் பட்டால் வார்னிஷ் பிடிக்காது.

மெழுகு போட்டால் பலகை வழுக்கித் திரும்பும். இல்லாவிட்டால் வளைவில் தடுக்கி நிற்கும், நாம தள்ளுவோம், பிளேடு முறியும். பலகை தடுக்க ஆரம்பித்தால் மறுபடி மெழுகு போடணும். டீ டம்ளரை மட்டும் மேசைமேல் வைக்காதீங்க, அந்த வட்டத்தில்தான் முதல் துரு!