சினைப்பையின் சாக்லேட் கட்டியை மீயொலி வழி அறிதல்

முன்னுரை

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. மீயொலிக் கருவியின் ஆய்வுமுனையிலும் பெரும்பாலும் பீங்கான் வகைப் பொருளே இயங்குகிறது. மின்னழுத்தத்தால் அதிர்ந்து ஒலியை எழுப்பும் அது, உடலிலிருந்து திரும்பும் எதிரொலியை மீண்டும் மின்குறியாக மாற்றுகிறது. மாதவிடாய் வலியோடு வரும் பெண்ணுக்கு முதலில் செய்யப்படும் படப் பரிசோதனை பெரும்பாலும் இதுவே. சினைப்பைக் கட்டியைப் பொறுத்தவரை அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கட்டியின் இயல்பு

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வது எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. இது சினைப்பையைத் தாக்கும்போது, மீண்டும் மீண்டும் கசியும் குருதி தேங்கிப் பழுப்புநிறக் கூழாகிறது. அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921-இல் இதனைச் சாக்லேட் கட்டி என விவரித்தார்.

மீயொலி அடையாளங்கள்

தெளிந்த நீர் நிறைந்த கட்டி படத்தில் கருமையாகத் தெரியும். பழைய குருதியோ நுண்ணிய எதிரொலிகளைச் சீராகப் பரப்பி, தேய்த்த கண்ணாடி போன்ற சாம்பல்நிறத் தோற்றம் தருகிறது. மாதவிடாய் நிற்காத பெண்ணிடம் இத்தோற்றமும், ஒன்று முதல் நான்கு அறைகளும், குருதியோட்டமுள்ள திண்மப் புடைப்பு இன்மையும் சாக்லேட் கட்டிக்குரிய அடையாளங்கள். குருதியோட்டம் உண்டா என்பதை டாப்ளர் ஆய்வு காட்டும்.

பிரித்தறிதல்

சினைமுட்டை வெளியேறிய பின் குருதி தேங்கி உருவாகும் கட்டியும் இதனை ஒத்திருக்கலாம். அதனுள் பெரும்பாலும் வலைபோன்ற மெல்லிழைகள் தெரியும். சில வாரங்களில் அது சுருங்கி மறையும். எனவே 6 முதல் 12 வாரங்களுக்குப் பின் செய்யும் மறுபரிசோதனை ஐயம் தீர்க்க உதவும். மாதவிடாய் நின்ற பெண்ணிடம் தேய்த்த கண்ணாடித் தோற்றம் காணப்படின், புற்றுநோய் உண்டா எனக் கவனமாக ஆராய வேண்டும்.

பரிசோதனை வழி

பிறப்புறுப்பு வழி ஸ்கேன் சினைப்பையை அருகிலிருந்து நுட்பமாகக் காட்டும். மணமாகாத பெண்களுக்கு அது பொதுவாகத் தவிர்க்கப்பட்டு, சிறுநீர்ப்பை நிரம்பிய நிலையில் வயிற்றின் மேலாக ஸ்கேன் செய்யப்படுகிறது. இதில் சிறு கட்டிகள் தென்படாமல் போகலாம். அத்தகையோர்க்கு மலக்குடல் வழி ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. துணைபுரியும்.

முடிவுரை

கட்டி இல்லை என்னும் அறிக்கை, எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்பதற்குச் சான்றாகாது. வயிற்று உட்படலத்தில் மேலோட்டமாகப் படரும் திசு ஸ்கேனில் பெரும்பாலும் புலப்படாது. படம் இயல்பாக இருப்பினும் நோய்க்குறிகளைக் கொண்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்க, ஐரோப்பிய மனித இனப்பெருக்கக் கழகத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இடமளிக்கிறது. ஆதலின் ஸ்கேன் அறிக்கையை, பெண் கூறும் வலியோடு சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும்.