மிதவைக்கும் ஒரு வரம்பு

நடுச் சமுத்திரத்தில் மிதக்கும் மரக்கட்டையின் அடியில் மீன்கள் வந்து கூடும் என்பது கடலோடிகள் தொன்றுதொட்டு அறிந்த விஷயம். ஏன் கூடுகின்றன என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்றும் அபிப்பிராய பேதம் உண்டு. அந்தச் சுபாவத்தையே மூலதனமாகக் கொண்டு, மேற்கு இந்து சமுத்திரத்தில் சூரை பிடிக்கும் பெருங்கப்பல்கள், அடியில் பல பாகம் ஆழத்துக்குக் கயிறு தொங்கும் தெப்பங்களை, சூரிய ஒளியில் இயங்கும் கருவியொன்றைப் பூட்டி, நீரோட்டத்தின் போக்கில் விட்டுவிடுகின்றன. தெப்பம் இருக்குமிடத்தை மட்டுமன்றி, அதனடியில் ஏறக்குறைய எவ்வளவு மீன் திரண்டிருக்கிறது என்பதையும் எதிரொலியால் அளந்து, செயற்கைக்கோள் வழியே அக்கருவி கப்பலுக்குத் தெரிவிக்கும். திரண்டதைச் சுருக்குவலையால் வளைப்பதுதான் பாக்கி.

கெடுதல் எங்கே வருகிறது? நமக்கு மாசிக் கருவாடாக வந்து சேரும் வரிச்சூரை சீக்கிரம் விருத்தியாகும் இனம். அதைப் பற்றிக் கவலை குறைவு. ஆனால் அதே தெப்பத்தின் கீழ், ஆளுயரம் வளரக்கூடிய மஞ்சள் துடுப்புச் சூரையின் குஞ்சுகளும், ஒரு முறையேனும் முட்டையிடுவதற்கு முன்பாகவே, கலந்து நின்று வலைப்படுகின்றன. தெப்பத்தின் அடியில் பழைய வலைகளைத் தொங்கவிட்ட காலத்தில், அவற்றில் சிக்கி இந்து சமுத்திரத்தில் மட்டும் ஆண்டுதோறும் 4,80,000 முதல் 9,60,000 வரை பட்டுச் சுறாக்கள் மடிந்திருக்கக்கூடும் என்று 2013இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பின்னர் வலை விலக்கப்பட்டது.

ஆனாலும் மீனைத் திரட்டும் மிதவையே குற்றவாளி என்று சொல்வதற்கில்லை. மாலத்தீவில் அரசாங்கமே 50 அளவில் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கிறது. அங்கே உயிரிரையை வீசி, நீரைத் தூவி, எதிர்முள் இல்லாத தூண்டிலால் மீனை ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலாகத் தளத்தில் எறிகிறார்கள். அங்கும் குஞ்சுகள் அகப்படாமலில்லை. எனினும் மனிதன் கை தூக்குவதற்கும் சுருக்குவலை வாருவதற்கும் உள்ள தூரம் பெரிது.

நீரோட்டத்தில் விடும் தெப்பங்களுக்கு இந்து சமுத்திரச் சூரை ஆணையம் 2015இல் கப்பலொன்றுக்கு 550 என்று வகுத்த வரம்பை 2019இல் 300 ஆகக் குறைத்தது. மிதவை மீன்பிடிக்கு ஆண்டில் 72 நாள் தடை விதித்த 2023ஆம் ஆண்டு மொம்பாசா தீர்மானம், ஐரோப்பிய ஒன்றியமும் வேறு பல நாடுகளும் ஆட்சேபித்ததால் பலிக்காமற் போயிற்று. 2024இல் பாங்காக்கில் கூடியவர்கள், 2026 முதல் 250, 2028 முதல் 225 என்று இணங்கி, மிதவைகளுக்குப் பதிவேடு ஒன்றையும் ஏற்படுத்தினர்.

ஆயினும் இந்த வரம்பு இயங்குகின்ற கருவிகளையே எண்ணுகிறது. கருவியை அணைத்துவிட்டால் தெப்பம் கணக்கிலிருந்து மறையுமே தவிர, செய்ஷெல்ஸின் பவளப்பாறையில் போய் ஒதுங்காமலிராது. ஆகவே, எண்ணிக்கையை மேலும் குறைப்பதைக் காட்டிலும், ஒவ்வொரு தெப்பத்துக்கும் உரியவர் யார் என்பது அந்தப் பதிவேட்டில் பிசகின்றி ஏறுவதே அவசரமான காரியம் என்பது என் அபிப்பிராயம்.