ஆரியசாலைக்கு வரும் உணவும், ஊருக்குத் திரும்பும் கழிவும்

திருவனந்தபுரம் ஆரியசாலையிலும் அதையொட்டிய சாலைக் கடைத்தெருவிலும் தமிழ்நாட்டுச் சரக்கு இறங்காத நாள் கிடையாது. குமரி, நெல்லை மாவட்டக் காய்கறியும், நாமக்கல் முட்டையும், எல்லை தாண்டி வரும் கறிக்கோழியும் தலைநகரின் அடுப்புகளுக்குப் போகின்றன. திவான் ராஜா கேசவதாசன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த இந்தச் சந்தையில் மூட்டை சுமந்தும், கணக்கு எழுதியும் பிழைப்பவர்களில் நம்மவர்கள் கணிசம். இந்த உணவுக்கு நாம் கொடுக்கும் விலை, கடைச் சீட்டில் உள்ள தொகை மட்டும்தானா?

தண்ணீர்க் கணக்கு

உலக சராசரிப்படி ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. கோழி இறைச்சிக்கு 4,300 லிட்டர். மாட்டிறைச்சிக்கு 15,400 லிட்டர். கோழி குடிப்பது சொற்பமே. அது தின்னும் மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் விளைய வேண்டிய மழைநீரும் பாசன நீரும் சேர்ந்த கணக்கு இது. ஆகவே ஒரு கிலோ கறி வீணானால், எங்கோ ஒரு கிணற்று நீரும் வீணானதாகவே பொருள்.

ஆடு மாடுகள் அசைபோடும்போது வெளியாகும் மீதேன் வாயு பூமியைச் சூடாக்குகிறது. மனிதர்களால் உண்டாகும் வெப்ப வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடைத் துறையால் வருவதாக ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனம் 2013-இல் கணக்கிட்டது. சைவம் உண்பவர்களும் தப்பிவிட முடியாது. நீர் தேங்கிய நெல் வயலும் மீதேனை வெளியிடுகிறது.

கழிவு எங்கே போகிறது?

ஒரு கோழியின் எடையில் கால் பங்குக்கு மேல் இறகு, குடல், தலை, கால் என்று கழிவாகிறது. விளப்பில்சாலையில் 2000-இல் தொடங்கிய மாநகராட்சிக் குப்பை ஆலை, கிராம மக்களின் எதிர்ப்பால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. கேட்பாரற்ற கழிவு கிள்ளியாற்றிலும் ஆமயிழஞ்சான் தோட்டிலும் விழுகிறது. 2024 ஜூலையில் தம்பானூரில் அந்தத் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். கூலிக்கு இறங்குபவரே பலியாகிறார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

கோழிக் கழிவு ஏற்றிய வண்டிகள் களியக்காவிளை எல்லையில் பலமுறை பிடிபட்டுள்ளன. உணவு அனுப்பிய மண்ணுக்கே அதன் அழுகல் திரும்பிப் போகிறது. இதில் மலையாளி, தமிழர் என்ற பேதமில்லை. வாங்குகிற, விற்கிற அனைவருக்கும் பங்குண்டு.

செய்யக் கூடியவை

வழி இல்லாமல் இல்லை. கோழிக் கழிவை வேகவைத்துக் கொழுப்பைப் பிரித்து, பொடியாக்கித் தீவனத்துக்கு அனுப்பும் ஆலைகள் கேரளத்தில் உள்ளன. கழிவை அத்தகைய ஆலைக்குக் கொடுக்கும் கடைதானா என்று கேட்டு வாங்கலாம். சமையலறைக் கழிவுக்குத் 'தும்பூர்முழி' முறை இருக்கிறது. கழிவு, சாணம், சருகு என அடுக்கிக் காற்றோட்டமான பெட்டியில் இட்டால், சுமார் மூன்று மாதத்தில் உரமாகிவிடும். லாட்ஜ்களிலும் மெஸ்களிலும் கூட்டாகத் தங்குவோர், சாப்பிடுவோர் தலையை எண்ணிச் சமைத்தாலே பாதிக் கழிவு உண்டாகாது.

ஊரில் வயல் உள்ளவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் தண்ணீரும் மிச்சம், மீதேனும் குறையும். விடுமுறைக்குப் போகும்போது இதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். அங்கே விளைந்தால்தான் இங்கே நமக்குச் சுமை. சுமை இருந்தால்தான் கூலி.